சிட்னி – லாஸ் ஏஞ்சலஸ்: கிளம்பும் நேரத்துக்கு முன்பே போய்ச் சேருமா?

கயல்:
ஜூலை 10 காலை 11.00 மணிக்கு சிட்னியில் கிளம்பி, அதே 10ஆம் தேதி காலை 7.30-க்கு லாஸ் ஏஞ்சலஸில் இறங்குவதாக டிக்கெட்டில் இருக்கிறது. எக்செலில் கழித்துப் பார்த்தால் ##### என்று வருகிறது. திரும்பும்போது 24 இரவு 10.30-க்குக் கிளம்பி 26 காலை 6.30-க்கு இறங்குகிறோம். கழித்தால் 32 மணி நேரம்! அம்மாவும் கூட வருகிறார். அவருக்கு 12 மணி நேரத்துக்கு ஒரு மாத்திரை என்பதால் உண்மையான பயண நேரம் தெரிந்தாக வேண்டும். தூரமும் ஒரு தளத்தில் 12,051, இன்னொன்றில் 7,488, வேறொன்றில் 6,507. எதை நம்புவது?

வானோடி:
தூரம் மூன்றும் ஒன்றுதான். முதலாவது கிலோமீட்டர், அடுத்தது மைல், கடைசியாக இருப்பது கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ., பெருக்கிப் பாருங்கள்.

மணிமாறன்:
இரண்டு ஊருக்கும் நேர வித்தியாசம் 19 மணி. அப்படியானால் போகும் பயணம் பதினைந்தரை மணி நேரம் வரும்.

வானோடி:
19 என்பது டிசம்பர் கணக்கு, மணிமாறன். அப்போது சிட்னி கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளி வைத்திருப்பார்கள். ஜூலையில் அங்கே குளிர்காலம். லாஸ் ஏஞ்சலஸில்தான் கோடைகால நேரம். யுடிசி எனும் உலகப் பொது நேரத்தை வைத்துச் சொன்னால் சிட்னி யுடிசி+10, லாஸ் ஏஞ்சலஸ் யுடிசி−7, வித்தியாசம் 17. பயணத் தேதியை வைத்துத்தான் இதைப் பார்க்க வேண்டும், பலரும் தவறுவது இங்கேதான்.

கயல், போகும்போது கடிகாரப்படி −3.30 மணி. அதோடு 17 கூட்டினால் 13 மணி 30 நிமிடம். வரும்போது 32-லிருந்து 17 போனால் 15 மணி. வழியில் தேதிக்கோட்டை (தாண்டினால் தேதி ஒரு நாள் மாறும் கற்பனைக் கோடு) தாண்டுவதால்தான் ஒரு தேதி திரும்ப வருகிறது, வரும்போது 25ஆம் தேதி ஏறக்குறைய முழுவதும் காணாமல் போகிறது. எக்செல் எதிர்மறை நேரத்தைக் காட்டாது. தேதியும் நேரமும் ஒரே கட்டத்தில் இருக்கட்டும், சிட்னி நேரத்திலிருந்து 10/24 கழியுங்கள், லாஸ் ஏஞ்சலஸ் நேரத்தோடு 7/24 கூட்டுங்கள் (எக்செலில் ஒரு நாள் 1, ஒரு மணி 1/24). அப்புறம் சேரும் நேரத்திலிருந்து கிளம்பும் நேரத்தைக் கழித்தால் சரியாக வரும்.

கயல்:
வந்துவிட்டது, மிக்க நன்றி! ஆனால் அதே தூரத்துக்குத் திரும்பும்போது மட்டும் ஏன் ஒன்றரை மணி கூடுதல்?

வானோடி:
காற்றுதான் காரணம். விமானங்கள் பறக்கும் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வலுவான காற்று ஓடுகிறது. போகும்போது முதுகில் தள்ளும், வரும்போது எதிரே நிற்கும். தளங்கள் காட்டும் 12,051 பூமிப்பரப்பின் மேல் மிகக் குறுகிய தூரம். விமானி அன்றைய காற்றைப் பார்த்துச் சற்றுச் சுற்றியும் போவார், அதனால் சில நிமிடங்கள் முன்பின் ஆகும்.

மாத்திரையைப் பொறுத்தவரை, ஊர் நேரத்தை மறந்துவிட்டு அலாரத்தை 12 மணி நேரத்துக்கு ஒருமுறை ஓடவிடுங்கள். இறங்கியபின் எந்த நேரத்துக்கு மாற்றுவது என்பதை மருத்துவரிடம் இப்போதே கேட்டுவிடுங்கள். மாத்திரை கைப்பையில் இருக்கட்டும்.

கயல்:
சரி, அப்படியே செய்கிறேன். நல்லவேளை கேட்டேன், 11ஆம் தேதியிலிருந்துதான் அறை பதிவு செய்திருந்தேன். இப்போதுதான் 10-க்கு மாற்றினேன். காலை 7.30-க்கே அறை கிடைக்குமா என்றும் கேட்டு எழுதியிருக்கிறேன்.