சனி இரவு கூட்டிட்டுப் போனா திங்கள் வரை வைக்கலாமா?

கேள்வி:
விசாரணைக்கு என்று ஒருவரை சனிக்கிழமை இரவு ஸ்டேஷனுக்கு அழைத்துப் போகிறார்கள். ஞாயிறு கோர்ட் லீவு. திங்கள் வரை வைத்திருக்க முடியுமா? வீட்டார் என்ன கேட்க வேண்டும்?

பதில் 1:
முடியாதுங்க. அரசியலமைப்பின் 22(2) பிரிவுப்படி, பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தணும். லீவு நாளுக்குச் சலுகை கிடையாது, பொறுப்பு மாஜிஸ்திரேட்டின் வீட்டுக்கே கொண்டுபோவார்கள்.

சிக்கல் வருவது கைதுக் குறிப்பில்தான். சனி இரவு 9 மணிக்குப் பிடித்துவிட்டு "ஞாயிறு மாலை 5 மணி" என்று எழுதினால் 20 மணி நேரம் காணாமல் போய்விடும். அதனால் நேரத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடவே கூடாது. குடும்பத்தாரோ ஊர்ப் பெரியவர் ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போடணும். 1996-ல் சுப்ரீம் கோர்ட்டின் டி.கே.பாசு தீர்ப்பு சொன்னது இது, இப்போது பி.என்.எஸ்.எஸ். (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 36-வது பிரிவிலேயே இருக்கு.

பதில் 2:
மேலே சொன்னதோடு: அழைத்துப் போன நேரத்தை எழுதி எஸ்.பி. அலுவலகத்துக்கு உடனே ஈமெயில் அனுப்புங்க. பின்னால் ஹேபியஸ் கார்பஸ் (ஆளைக் கோர்ட்டில் நிறுத்தச் சொல்லும் மனு) போட நேர்ந்தால் அதுதான் கையில் இருக்கும் ஆதாரம். காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு, எண் 15100.

பதில் 3:
ஒன்று கவனிங்க, குண்டர் சட்டம் போன்ற தடுப்புக் காவலுக்கு (குற்றம் நடக்காமல் தடுக்க முன்கூட்டியே வைப்பது) இந்த 24 மணி நேரம் பொருந்தாது. காவலுக்குப் போதிய காரணம் இருக்கா என்று பார்க்கும் அறிவுரைக் கழகம் ஒப்பாமல் மூன்று மாதத்துக்கு மேல் வைக்கக்கூடாது என்பதுதான் அங்கே வரம்பு.