டெக்கால் ஒட்டிய இடமெல்லாம் வெள்ளியாக மின்னுகிறது, எங்கே தவறு செய்தேன்?

கேள்வி:
1/72 அளவு ஸ்பிட்ஃபயர் போர் விமான பிளாஸ்டிக் மாடல். பெயின்ட் வேலை எனக்கே பிடிக்கும்படி வந்திருந்தது, பளபளப்பில்லாத மேட் பச்சையும் மேட் பிரவுனும். அப்புறம் டெக்கால் (தண்ணீரில் நனைத்துக் காகிதத்திலிருந்து நகர்த்தி ஒட்டும் மெல்லிய படச் சின்னம்) ஒட்டினேன், அங்கேதான் கெட்டது. ஒட்டும்போது ஒன்றும் தெரியவில்லை, காய்ந்ததும் எழுத்துகளைச் சுற்றியிருக்கிற நிறமில்லாத படலம் வெள்ளியாக மின்ன ஆரம்பித்துவிட்டது. இடது இறக்கையில் வட்டச் சின்னம் பேனல் கோடுகளில் (தகடுகளின் இணைப்பைக் காட்டும் பள்ளக் கோடுகள்) இறங்கவில்லை என்று டெக்காலை இளக்கும் திரவமான மார்க் சாஃப்டர் தடவினேன், உடனே சுருங்கியது, பயந்துபோய் விரலால் நீவ, கிழிந்தே விட்டது. வலது பக்கத்தையாவது காப்பாற்ற முடியுமா?

பதில் 1:
மேட் பெயின்ட் மேல் நேராக ஒட்டியதுதான் காரணம். மேட் என்றாலே மேற்பரப்பு சொரசொரப்பு. படலம் மேடுகளின் மேல் மட்டும் உட்கார்ந்துகொள்ளும், பள்ளங்களில் காற்று மாட்டிக்கொள்ளும், அந்தக் காற்றில் பட்டுத் திரும்பும் வெளிச்சம்தான் உங்கள் வெள்ளி. டெக்காலுக்கு முன்னால் கிளாஸ் கோட், அதாவது நிறமில்லாத பளபளப்பான பூச்சு, அடித்தாக வேண்டும். டமியா எக்ஸ்-22 போதும், மிஸ்டர் கலர் ஜிஎக்ஸ்100 இருந்தால் அதுவும் நல்லது. ஒரு முழு நாளாவது காயவிடுங்கள். மூக்கருகே வைத்தால் பெயின்ட் வாசனை வருகிறதா, இன்னும் காயவில்லை.

பதில் 2:
மேலே சொன்னது சரி. ஆனால் அந்தக் கிழிசல் வேறு கதை, எல்லோரும் ஒரு தடவையாவது செய்கிற தவறு. சாஃப்டர் படலத்தை இளக்கும், இளகும்போது சுருங்கத்தான் செய்யும், பார்க்கப் பயமாக இருக்கும், அந்த நேரத்தில் விரலோ பிரஷ்ஷோ பக்கத்தில் போகவே கூடாது. விட்டுவிட்டால் காயக் காயத் தானே தட்டையாகிக் கோடுகளுக்குள் இறங்கிவிடும். செட்டர் என்பது வேறு, அது டெக்காலுக்கு அடியில், ஒட்டுவதற்கு முன் தடவுவது. மைக்ரோஸ்கேல் நிறுவனத்தின் திரவங்களில் மைக்ரோ செட் அடியில், மைக்ரோ சால் மேலே.

நான் செய்வது: வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து பதினைந்து விநாடி முக்கி எடுத்து, ஈரத்தோடு வெளியே வைத்துவிடுவேன். தண்ணீரிலேயே மிதக்கவிட்டால் பசை கரைந்து போய்விடும். ஒரு நிமிடம் கழித்து லேசாகத் தள்ளிப் பார்த்தால் நகரும். அப்போது காகிதத்தை மாடலின் மேல் வைத்து டெக்காலைச் சறுக்கி இறக்குவேன், தூக்கி வைக்கவே மாட்டேன். பிறகு ஈரமான காட்டன் பட்ஸை (காது குடையும் பஞ்சுக் குச்சி) நடுவிலிருந்து ஓரத்துக்கு உருட்டினால் தண்ணீரும் காற்றும் வெளியேறிவிடும். தேய்க்காமல் உருட்டுங்கள்.

இன்னொன்று, எல்லா டெக்காலும் ஒரே மாதிரி இல்லை. தடிமனானதற்கு சாஃப்டர் மூன்று நான்கு தடவை வேண்டியிருக்கும், மெல்லியது ஒரே தடவையில் குழைந்துவிடும். ஷீட்டில் தேவைப்படாத ஒரு சின்னத்தை வீணான பிளாஸ்டிக் துண்டில் ஒட்டிப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.

கேள்வி கேட்டவர்:
இவ்வளவு நாள் செட்டரும் சாஃப்டரும் ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன். இப்போது வெள்ளியாக இருப்பதை உரித்துவிட்டுப் புதிதாக ஒட்டவா?

பதில் 3:
உரிக்காதீர்கள், பெயின்டும் சேர்ந்து வந்துவிடலாம். மெல்லிய ஊசியாலோ புது பிளேடின் முனையாலோ வெள்ளி தெரியும் இடங்களில் மட்டும் நுண்ணிய ஓட்டைகள் குத்தி, மேலே சாஃப்டர் தடவுங்கள், அது ஓட்டை வழியாக உள்ளே இறங்கிக் காற்றைத் தள்ளும். ராத்திரி முழுக்கத் தொடாமல் விட்டு, காலையில் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், மிச்சம் இருந்தால் மறுபடி அதேதான். எனக்கு ஒரு வால் சின்னத்துக்கு நான்கு நாள் ஆனது, கடைசியில் பெயின்ட் செய்தது போலவே படிந்துவிட்டது. கிழிந்த சின்னத்தில் இடைவெளி சிறியதென்றால் அதே நிறத்தை நுனி பிரஷ்ஷால் நிரப்பிவிடலாம்.

எல்லாம் முடிந்ததும் ஈரத்துணியால் பசைக் கறையைத் துடைத்துவிட்டு, இன்னொரு கிளாஸ் கோட், அதன் மேல் மேட் கோட். வலது இறக்கையை முதலில் செய்து படம் போடுங்கள்.