உதவி: மேசைப்போர்க் கட்டடத்தின் மூலைகள் திறக்கின்றன, சனிக்கிழமை ஆட்டம் இருக்கிறது

உவர்மலைப் பையன் – செவ்வாய், இரவு 9.40

வணக்கம். லண்டனிலிருந்து வந்த மாமா எனக்கு ஒரு கட்டடப் பெட்டி கொண்டுவந்தார். மேசைப்போருக்கு, அதாவது மேசையில் சின்னப் படை உருவங்களை நிறுத்தி ஆடும் ஆட்டத்துக்கு. விண்வெளிக் குடியிருப்பு மாதிரி. சுவர், கதவு, யன்னல், படி எல்லாம் தனித்தனிப் பிளாஸ்டிக் பலகைகள், நாங்கள்தான் பொருத்த வேண்டும். மூன்று நாளாக ஒட்டுகிறேன், நிற்குதில்லை. கீழ்மாடி ஒருமாதிரி நிற்கிறது. மேல்மாடியை வைத்தவுடன் மூலைகள் திறந்துகொள்கின்றன. பலகைகளைப் பூட்டும் கிளிப்புகளும் மிகவும் இறுக்கம், அழுத்தியதில் இரண்டு முறிந்துவிட்டன. சனிக்கிழமை நான்கு பேர் வீட்டுக்கு விளையாட வருகிறார்கள். யாராவது கெதியாகச் சொல்லுங்கள்.

மட்டுவாவி – 9.52

எந்தப் பெட்டி? எந்தப் பசை? எவ்வளவு நேரம் காயவிட்டீர்கள்? படம் இருந்தால் போடுங்கள்.

ஆறாம் கட்டை – 9.58

தம்பி, இது காற்றின் வேலை. உவர்மலை கடலோடு ஒட்டிய இடம். உப்புக்காற்றில் சுப்பர் குளூ வெள்ளை பூத்து உதிரும். நான் செய்த படகு மாதிரி ஒன்று இப்படித்தான் போனது. மூடியுள்ள பெட்டியில் கொஞ்சம் அரிசி போட்டு, அதற்குள் வைத்துக் காயவிடுங்கள்.

சீனக்குடா – 10.05

சுப்பர் குளூ என்று அவர் சொல்லவே இல்லையே. என்ன பசை தம்பி?

பழைய தளபதி – 10.20

பெட்டியின் பெயர் இல்லை, பசையின் பெயர் இல்லை, படம் இல்லை. இப்படிக் கேட்டால் பதில் சொல்பவர்கள் குறி பார்க்காமல் கல்லெறிய வேண்டியதுதான். பல வருடமாக இதே கேள்விக்கு இதே பதிலை எழுதி வருகிறேன், இந்த முறையாவது குறித்துவையுங்கள். கிளிப் வைத்த கட்டடம் கழற்றி மாட்டுவதற்கென்றே செய்யப்பட்டது. இன்றைக்குக் கோபுரம், அடுத்த கிழமை களஞ்சியம். அதைப் பசை போட்டு ஒட்டுகிறீர்கள் என்றால் அந்தப் பெட்டி எதற்கு என்றே உங்களுக்கு இன்னும் விளங்கவில்லை. முதலில் உள்ளே இருக்கும் குறிப்புத்தாளை வாசியுங்கள்.

உவர்மலைப் பையன் – புதன், காலை 6.15

மன்னிக்கவும், அவசரத்தில் எழுதினேன். பாரம் குறைய மாமா பெட்டியையும் தாளையும் அங்கேயே விட்டுவிட்டு, துண்டுகளை மட்டும் சேட்டுகளுக்கு நடுவில் வைத்துக் கொண்டுவந்தார். பெயர் தெரியாது. சுவர்ப் பலகை 3 அங்குலச் சதுரம். பசையும் அவர் தந்ததுதான்: பச்சை மூடி, மூடியிலேயே சின்னத் தூரிகை, தண்ணீர் மாதிரி இருக்கும். ஒட்டி ஒரு முழு இரவு விட்டேன். பிரிந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் தோல் மாதிரி உரிகிறது, அது காய்ந்த பசைதானே? வகுப்புக்குப் போகிறேன், பின்னேரம் பார்க்கிறேன்.

மட்டுவாவி – 7.30

3 அங்குலம் என்பது நல்ல துப்பு. மான்டிக் நிறுவனத்தின் டெட்சோன் ஆட்டம் 3 அங்குலக் கனசதுரங்களாகத்தான் மேசையைப் பிரிக்கிறது. 2 அடிக்கு 2 அடி மேசை, 8க்கு 8 கட்டம். அதற்கென்று வந்த கட்டடப் பலகைகளும் அதே அளவுதான். வேறு ஆட்கள் செய்ததாகவும் இருக்கலாம். பச்சை மூடி, தண்ணீர் போன்ற பசை என்றால் டமியா என்ற மாதிரிப்பொருள் நிறுவனத்தின் மெல்லிய பசை. அது நல்ல பசை. அதனால் என் சந்தேகம் பிளாஸ்டிக்கின் மேல். பிவிசி மாதிரி ஏதாவதாக இருந்தால் அந்தப் பசை பிடிக்காது.

ஆறாம் கட்டை – 7.41

பிவிசி என்றால் கவலையே இல்லை, ஹாட்வெயார் கடையில் குழாய் ஒட்டும் பசை வாங்குங்கள். வீட்டுத் தண்ணீர்க் குழாய்க்கு நான் போட்டது இன்றுவரை அசையவில்லை.

விஞ்ஞான ரீச்சர் – 8.10

குழாய்ப் பசையை இப்போதைக்குத் தொடவேண்டாம். அதிலுள்ள கரைப்பான்கள் கடுமையானவை. இந்த மாதிரிப் பெட்டிகளில் வழக்கமாக வரும் பொலிஸ்டைரீன் பிளாஸ்டிக் என்றால் மெல்லிய சுவரையே உருக்கி வளைத்துவிடும். என்ன பிளாஸ்டிக் என்று முதலில் உறுதி செய்வோம், அதற்கு வீட்டிலேயே வழி இருக்கிறது.

பலகைகளை வெட்டி எடுத்த பிறகு மிஞ்சும் சட்டம், ஸ்புரூ, அதில் நகமளவு ஒரு துண்டை வெட்டி ஒரு கிளாஸ் கிணற்றுத் தண்ணீரில் போடுங்கள். காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் விரலால் தட்டிவிடுங்கள். பொலித்தீனும் பொலிப்புரப்பிலீனும் மிதக்கும். பொலிஸ்டைரீன் தாழும், ஏனென்றால் அதன் அடர்த்தி தண்ணீரைவிடக் கொஞ்சம்தான் கூட, தண்ணீர் 1 என்றால் இது ஏறக்குறைய 1.05. அடுத்து அதே கிளாசில் கறியுப்பைக் கரையாமல் அடியில் நிற்கும்வரை கரையுங்கள். நிரம்பிய உப்புக் கரைசலின் அடர்த்தி 1.2 அளவு. இப்போது துண்டு ஆறுதலாக மேலே வந்தால் பொலிஸ்டைரீன் என்று எடுக்கலாம். அடியிலேயே கிடந்தால் பிவிசி மாதிரிக் கனமான ஏதோ. கடல்நீரை அள்ளி வந்து பார்க்க வேண்டாம், அது 1.025 அளவுதான், போதாது.

ஆறாம் கட்டை ஐயா சொன்ன காற்று விஷயத்துக்கும் ஒரு சொல். இது கச்சான் என்ற வறண்ட காற்று அடிக்கிற மாதம். காலையில் போட்ட துணி பத்து மணிக்குள் மொடமொடவென்று காய்கிறது. இந்தக் கிழமை திருகோணமலைக் காற்றின் ஈரத்தைக் குறை சொல்ல முடியாது. மார்கழி மாரியில் கேட்டிருந்தால் நானும் யோசித்திருப்பேன். சுப்பர் குளூ காற்றிலுள்ள ஈரத்தைக் கொண்டுதான் இறுகுகிறது. ஈரம் கூடினால் வெள்ளை பூக்கும் என்பது சரி. ஆனால் ஈரமே இல்லாவிட்டால் அது இறுகவும் செய்யாது. அரிசிக்குள் வைத்தால் இன்னும் சுணங்கும்.

பழைய தளபதி – 8.45

பசையைப் பற்றி ஒரு முழுப் பாடம் நடந்துவிட்டது. நான் கேட்டதற்குப் பதில் இல்லை: ஏன் ஒட்ட வேண்டும்? கிளிப் போட்டு நிற்காவிட்டால் மூலைகளில் சின்னக் காந்தம் வையுங்கள். என் மேசையில் ஒரு மூலையும் ஒட்டியதில்லை.

மட்டுவாவி – 9.02

அண்ணை, ஒரு பலகைக்கு நான்கு காந்தம், ஒரு கட்டடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு பலகை. கணக்குப் பார்த்தீர்களா? கொழும்பிலிருந்து எடுப்பித்து, வட துருவம் தென் துருவம் மாறாமல் துளைத்து வைத்து முடிக்க மாதக்கணக்கு ஆகும். பையனுக்குச் சனிக்கிழமை ஆட்டம். 28 மில்லிமீற்றர் உருவங்களைக் கையால் தூக்கி இரண்டாம் மாடியில் வைக்கும்போது விரல் தட்டுப்படாத ஆட்டம் உண்டா? ஒட்டாத கட்டடம் நடு ஆட்டத்தில் சரிந்தால் எல்லோருடைய மாலையும் பாழ்.

பழைய தளபதி – 9.15

கை நிதானமாக இருந்தால் சரியாது.

ஆறாம் கட்டை – 9.33

எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். இந்தப் பெட்டிகளை வெளிநாட்டிலிருந்து எடுப்பதே வீண் செலவு. ரெஜிபோம் என்ற வெள்ளை நுரைப்பலகை இருக்கிறது, பிவிசி குழாய்த் துண்டு இருக்கிறது, சமன் மீன் ரின் இருக்கிறது. ஒரு கிரகத்தையே கட்டலாம். சீனக்குடா எண்ணெய்க் குதங்களை, அந்தப் பெரிய இரும்புத் தாங்கிகளைப் பார்த்திருக்கிறீர்களா? காட்டுக்குள்ளே துருப்பிடித்து, வரிசை வரிசையாக. அதைவிட விண்வெளிக் குடியிருப்பு வேண்டுமா? பெரிய குழாயை நாலு விரல் உயரத்துக்கு அறுத்தால் குதம் வந்துவிடும்.

பழைய தளபதி – 9.40

இரண்டாம் உலகப்போர்க் குதத்தைக் கொண்டுவந்து எதிர்கால மேசையில் வைப்பதா? காலம் பொருந்தாது. ஒரு மேசைக்கு ஒரே கைவண்ணம் இருக்க வேண்டும்.

சீனக்குடா – 12.20

அந்தக் குதங்களுக்குப் பக்கத்தில் பிறந்தவன் என்பதால் இதை மட்டும் சொல்லிவிடுகிறேன். 1942 ஏப்ரல் 9 ஜப்பானியத் தாக்குதலில் எரிந்த குதம் ஒன்றின் இரும்பு உருகி மடிந்து கிடப்பதைச் சின்ன வயதில் பார்த்தேன். கனத்த தகடு, ஈரத்துணி மாதிரி தொங்கிப்போயிருந்தது. எந்தக் காலத்து மேசையில் வைத்தாலும் அது பொருந்தும். அந்த மடிப்பைச் செய்ய ஆசைப்பட்டு இரண்டு முறை தோற்றிருக்கிறேன், மெழுகுதிரியில் வாட்டினால் பிளாஸ்டிக் கொப்பளிக்கிறது. ரெஜிபோமுக்கு நேராக ஸ்ப்ரே பெயின்ட் அடித்தால் அது கரைந்துபோகும் என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஒட்டுப்பால், அந்த வெள்ளை மரப்பசை, பூச வேண்டும்.

இனிக் கேள்விக்கு வருவோம். காலையில் பையன் எழுதியதில் ஒரு வரியை எல்லோரும் தாண்டிப் போய்விட்டோம். பிரிந்த இடத்தில் சாம்பல் நிறத் தோல் உரிகிறதாம். அந்தப் பசைக்கு நிறமே கிடையாது, காய்ந்தால் அங்கே ஒன்றும் மிஞ்சாது. சாம்பல் தோல் என்றால் அது பெயின்ட். தம்பி, ஒட்டுவதற்கு முன்னமே பெயின்ட் அடித்துவிட்டீர்களா?

உவர்மலைப் பையன் – பின்னேரம் 5.50

ஓம். ஸ்புரூவில் இருக்கும்போதே எல்லாவற்றுக்கும் சாம்பல் பிரைமர், அதாவது அடிப்பூச்சு, அடித்தேன், வாகனத்துக்கு அடிக்கும் ஸ்ப்ரே, இரண்டு பூச்சு. உள்மூலை எல்லாம் வடிவாகப் பிடிக்கும் என்றுதான். அது முக்கியம் என்று நினைக்கவில்லை. ரீச்சர் சொன்ன மாதிரி துண்டும் போட்டேன். தண்ணீரில் தாழ்ந்தது, உப்புக் கரைசலில் மேலே வந்தது.

விஞ்ஞான ரீச்சர் – 6.05

அப்படியானால் பொலிஸ்டைரீன். பசையும் சரி, பிளாஸ்டிக்கும் சரி. பெயின்ட்தான் நடுவில் நிற்கிறது. சீனக்குடா தம்பி, செய்முறையை நீங்கள் சொல்லுங்கள்.

சீனக்குடா – 6.40

இந்தப் பசை சுப்பர் குளூ மாதிரி நடுவில் நின்று இரண்டையும் பிடித்துக்கொள்ளும் பசை இல்லை. அசற்றோனும் பியூற்றைல் அசற்றேற்றும் கலந்த கரைப்பான். இரண்டு பக்கத்துப் பிளாஸ்டிக்கையும் இளக்கும், இளகிய இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று கலக்கும், கரைப்பான் பறந்துபோனதும் ஒரே துண்டாக இறுகும். நடுவில் பெயின்ட் இருந்தால் பெயின்டும் பெயின்டும்தான் சேர்கின்றன. நீங்கள் ஒட்டியது சுவரோடு சுவரை அல்ல, தோலோடு தோலை. மேல்மாடியின் பாரம் வந்ததும் தோல் உரிகிறது. கிளிப் இறுகுவதற்கும் காரணம் அதுதான். உள்ளுக்கும் வெளிக்கும் இரண்டிரண்டு பூச்சு ஏறியதால் துளை சின்னதாகி, முளை தடித்துவிட்டது.

பெயின்ட் முழுவதையும் கழுவ வேண்டாம். வெளியில் தெரியும் முகத்தை அப்படியே விடுங்கள். ஒட்டும் விளிம்பையும், கிளிப்பின் முளையையும், அது போகும் துளையின் உள்பக்கத்தையும் மட்டும் சுரண்டுங்கள். பிளேடைச் சாய்த்துப் பிடித்தால் பிளாஸ்டிக்கை வெட்டிவிடும். நிமிர்த்திப் பிடித்து, உங்களிடமிருந்து வெளிப்பக்கமாகத் தள்ளுங்கள். சாம்பல் தூளாக உதிரும். பிளாஸ்டிக்கின் சொந்த நிறம் விளிம்பு முழுக்கத் தெரிய வேண்டும், ஒரு புள்ளி சாம்பல் மிஞ்சினாலும் அந்த இடம் பிடிக்காது. துளைக்குள் நகத்துக்குப் போடும் அரம் போகும்.

அப்புறம் இரண்டு பலகைகளையும் பசை இல்லாமல் சேர்த்துப் பிடியுங்கள். சதுர பிஸ்கட் ரின்னின் உள்மூலையில் சாய்த்தால் மூலை நேராக நிற்கும். தூரிகையால் உள்பக்கத்து விளிம்பைத் தொட்டால் போதும், பசை தானாக இடுக்குக்குள் ஓடும். பாடசாலையில் படித்த மயிர்த்துளை எழுகைதான். விரலை அந்த இடுக்கின் மேல் வைக்காதீர்கள். பசை விரலுக்கு அடியிலும் ஓடி, ரேகை சுவரில் பதிந்துவிடும். உருவங்களுக்கு அப்படி இரண்டு முறை நடந்து, தேய்த்துத் தேய்த்து அழித்தேன். ஒரு நிமிடம் பிடித்து, இறப்பர் பட்டியும் துணிக் கிளிப்பும் போட்டு அடுத்த நாள்வரை தொடாமல் வையுங்கள்.

முறிந்த கிளிப் இருந்த மூலைக்கு ஸ்புரூவிலிருந்தே விரல் நீளத் துண்டு ஒன்று வெட்டி, உள்மூலையில் தூண் மாதிரி ஒட்டுங்கள். அதிலும் பெயின்டைச் சுரண்டிவிட்டு. அதே பிளாஸ்டிக் என்பதால் சுவரோடு ஒன்றாகிவிடும்.

ஒட்டுவதா வேண்டாமா என்ற சண்டைக்கும் இதையே சொல்வேன்: ஒவ்வொரு மாடியையும் தனித்தனியே ஒட்டுங்கள், மாடிக்கு மாடி ஒட்டாதீர்கள். மேல்மாடியைத் தூக்கிவிட்டு உள்ளே கை விடலாம், அடுத்த ஆட்டத்துக்கு மாற்றி அடுக்கலாம், கூரையைக் கழற்றி அலுமாரியில் வைக்கலாம்.

ஒன்று மிக முக்கியம். யன்னலைத் திறந்து வைத்து ஒட்டுங்கள், பக்கத்தில் நுளம்புத்திரி கொளுத்தி வைக்காதீர்கள். அந்த ஆவி தீப்பிடிக்கும்.

பழைய தளபதி – 7.10

மாடி மாடியாக ஒட்டுவதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் இனிமேல் கேட்கும்போது பெயின்ட் அடித்ததையும் எழுதுங்கள். பெட்டியின் பெயரைவிட அதுதான் இங்கே தேவைப்பட்டது.

ஆறாம் கட்டை – 7.25

ரீச்சர், அரிசி விஷயம் விளங்கியது, நன்றி. சீனக்குடா தம்பி, அந்த உருகிய தகட்டுக்குத் தயிர்க் கோப்பையின் மெல்லிய பிளாஸ்டிக்கை வாட்டிப் பார்த்தீர்களா? நெருப்பில் பிடிக்காமல் கொதிநீராவியில்?

சீனக்குடா – 7.31

இல்லை, அதை நினைக்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை செய்து பார்க்கிறேன்.

மட்டுவாவி – வெள்ளி, இரவு 8.00

உவர்மலைப் பையன், என்ன நடந்தது? நின்றதா?

உவர்மலைப் பையன் – ஞாயிறு, காலை 7.05

நின்றது. ஆறு மூலை சுரண்டி முடிக்க வியாழன் இரவு முழுக்கப் போனது, மற்ற இரண்டுக்கு நேரம் போதவில்லை, அவற்றுக்கு இறப்பர் பட்டி. மேல்மாடியில் ஒரே நேரம் ஏழு உருவங்கள் நின்றன. எல்லோருக்கும் நன்றி. இரண்டாவது கட்டடத்துக்கு இன்னும் பெயின்ட் அடிக்கவில்லை.