புத்தகத்தில் புரியாததை உங்களுக்குப் புரியவைத்தவர் யார்? அனுபவங்களைப் பகிருங்கள்

நாங்குநேரிக்காரன்

ஆரம்பிப்பவன் நான் என்பதால் என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2023 மே 28, சிவில் சர்வீஸ் தேர்வில் என்னுடைய இரண்டாவது பிரிலிம்ஸ் (முதல்நிலைத் தேர்வு). பொது அறிவுத் தாளைப் புரட்டியதும் கை சில்லிட்டுப்போனது. அதுவரை நாங்கள் பழகியிருந்த ஆப்ஷன்கள் "1, 2 மட்டும் சரி", "2, 3 மட்டும் சரி" என்று இருக்கும். மூன்று கூற்றில் ஒன்று தப்பு என்று உறுதியாகத் தெரிந்தால் போதும், பாதி ஆப்ஷன் அடிபட்டுப்போகும். அந்த வருடம் கேள்விக்குக் கேள்வி "மேலே உள்ளவற்றில் எத்தனை சரி? ஒன்று மட்டும், இரண்டு மட்டும், மூன்றும், எதுவுமில்லை" என்று கேட்டிருந்தார்கள். ஒவ்வொரு கூற்றும் தனித்தனியாகத் தெரிந்திருந்தால்தான் விடை. தப்பாகக் குறித்தால் அந்தக் கேள்விக்கான மார்க்கில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். அரைகுறையாகத் தெரிந்ததை வைத்து ஓட்ட முடியாது என்று அன்றைக்குத்தான் உறைத்தது. தேறவில்லை.

என்னுடைய அரைகுறைக்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். ராம்சார் பட்டியலை, அதாவது உலக அளவில் முக்கியமான நீர்நிலைகளின் பட்டியலை, மாநில வாரியாகச் சார்ட் போட்டுச் சுவரில் ஒட்டியிருந்தேன். 2022 கடைசியில் தமிழ்நாட்டில் 14 இடங்கள். இப்போது 20. ஒவ்வொரு முறையும் அடித்து எழுதி எழுதிச் சார்ட்டே கந்தலாகிவிட்டது. ஆனால் ஒரு மாதிரித் தேர்வில் "மனிதர்கள் உருவாக்கிய நீர்நிலைகள் ராம்சார் தலமாக முடியாது" என்ற கூற்றைச் சரி என்று குறித்துவிட்டு வந்தேன்.

இத்தனைக்கும் பட்டியலில் இருக்கும் கூந்தன்குளம் எங்கள் தாலுகாதான். அத்தையைக் கட்டிக்கொடுத்த ஊர். அந்த வருடத் தோல்விக்கு அப்புறம் தை மாதம் அங்கே போயிருந்தேன். மாமாவோடு குளக்கரையில் நடந்தபோது தூரத்தில் வரித்தலை வாத்துக்கூட்டம் இறங்கியிருந்தது. இமயமலையைத் தாண்டி வரும் பறவை. "எங்கேயோ திபெத்துப் பக்கமிருந்து நம்ம குளத்துக்கு வருதே மாமா" என்றேன். அவர் பறவையைப் பார்க்கவில்லை, மடையைக் காட்டினார். "தண்ணி வந்தாத்தானடே பறவை. மணிமுத்தாத்துல இருந்து கால்வாய்ல விடணும். விடாத வருசம் இங்க ஒண்ணும் வராது."

அப்படியே நின்றுவிட்டேன். கரை ஆட்கள் போட்டது. மடை ஆட்கள் கட்டியது. தண்ணீர் அணையிலிருந்து வருவது. இதில் எது இயற்கை? வீட்டுக்கு வந்து ராம்சார் ஒப்பந்தத்தின் வரையறையை முதல்முறையாக முழுதாகப் படித்தேன். இயற்கையோ செயற்கையோ, நிரந்தரமோ தற்காலிகமோ, ஓடுவதோ தேங்குவதோ, எல்லாம் சேரும். தாழ்வோதத்தின்போது 6 மீட்டர் ஆழத்துக்கு மேற்படாத கடல்பகுதிகூடச் சேரும். என்னைத் தடுக்கிவிட்டது "சதுப்பு நிலம்" என்ற சொல்தான். அதைக் கேட்டாலே மனதில் சேறும் அலையாத்திக் காடும்தான் வரும், வயலுக்குப் பாயும் குளம் வராது. அன்றிலிருந்து என் நோட்ஸில் எல்லா இடத்திலும் "ஈரநிலம்" என்றுதான் எழுதுகிறேன்.

அந்த ஊரில் தீபாவளிக்கு வெடி போடமாட்டார்கள். வீட்டு மரத்தில் நாரை கூடு கட்டினால் விரட்டமாட்டார்கள். பறவை எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு உரம் என்று மாமா சொன்னார். மக்கள் பங்கேற்போடு நடக்கும் பாதுகாப்பு என்று மெயின்ஸில் (முதன்மைத் தேர்வில்) பத்து வரி எழுத வேண்டியது வந்தால், எனக்கு இனி மனப்பாடம் தேவையில்லை.

சரி, உங்கள் கதையைச் சொல்லுங்கள். எந்தப் பாடம், யார் புரியவைத்தார்கள்?

செங்கத்துப் பொண்ணு

தம்பி, சொல் தடுக்கிவிட்டது என்று எழுதியிருப்பதைப் படித்ததும் எனக்கும் எழுதத் தோன்றியது. நான் மெயின்ஸ் தமிழில் எழுதியவள். பிரிலிம்ஸ் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான் வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் எங்களைப் போன்றவர்கள் ஒவ்வொன்றையும் இரண்டு முறை படிக்க வேண்டும். விடையைக் கண்டுபிடிக்க ஆங்கிலத்தில் ஒரு முறை, விளக்கி எழுதத் தமிழில் ஒரு முறை. அரசமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள எல்லா மொழியிலும் முதன்மைத் தேர்வை எழுதலாம் என்று அனுமதித்துவிட்டு, அதன் வாசலை இரண்டு மொழியில் மட்டும் வைத்திருப்பது நியாயமில்லை. இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

என் கதை ஒரு மே 1ஆம் தேதி. எங்கள் ஊரில் கிராம சபை. அம்மா 100 நாள் வேலைக்குப் போகிறவர், கையெழுத்துப் போட ஆள் வேண்டும் என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார். அப்போது நான் ஊராட்சிகளைப் பற்றிய 73ஆவது அரசமைப்புத் திருத்தத்தைக் கரைத்துக் குடித்திருந்தேன். 1993 ஏப்ரல் 24 நடைமுறைக்கு வந்தது, பதினொன்றாவது அட்டவணையில் 29 பொருள்கள், போட்டியிடக் குறைந்தபட்ச வயது 21, அரசமைப்புப்படி பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத இடம், தமிழ்நாட்டில் 2016 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு 50 சதவீதம். கேட்டால் தூக்கத்திலும் சொல்வேன்.

பள்ளிக்கூடத்து மரத்தடியில் கூட்டம். தீர்மானங்களைப் படித்து முடித்ததும் எங்கள் தெருவிலிருந்து ஒரு அக்கா எழுந்தார். மூன்றாம் வகுப்போடு நின்றவர். "எங்க தெருக் குழாய்க்கு எவ்ளோ செலவு எழுதியிருக்கீங்க? படிங்க, கேக்கறோம்." அதெல்லாம் உறுப்பினர்கள் பேசிக்கொள்வார்கள் என்று ஒருவர் சொன்னார். அந்த அக்கா விடவில்லை. "இங்க உக்காந்திருக்க எல்லாரும்தான் சபை. ஓட்டு லிஸ்ட்டுல என் பேரு இருக்குது. நானும் சபைதான்."

கணக்கைப் படித்தார்கள்.

நான் நோட்டைத் திறந்து பார்த்தேன். 243ஆவது பிரிவிலேயே, வாக்காளர் பட்டியலில் பதிவான நபர்களைக் கொண்ட அமைப்பு என்று வரையறை இருக்கிறது. எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன். ஆனாலும் என் மனதில் கிராம சபை என்றால் தலைவரும் வார்டு உறுப்பினர்களும் உட்காரும் மேசைதான். மேசையில் இருப்பது ஊராட்சி, எதிரே தரையில் இருப்பது சபை. இந்த வித்தியாசத்தை வைத்துப் பெசா சட்டத்தை (பழங்குடிப் பகுதிகளுக்கான ஊராட்சிச் சட்டம்) திரும்பப் படித்தபோதுதான், அரசமைப்பின் ஐந்தாவது அட்டவணையில் வரும் பழங்குடிப் பகுதிகளில் நிலம் எடுப்பதற்கு முன் ஏன் ஊராரைக் கலந்துபேச வேண்டும் என்று 1996இல் சட்டம் போட்டார்கள் என்பது விளங்கியது. தமிழ்நாட்டில் ஐந்தாவது அட்டவணைப் பகுதியே கிடையாது என்பதும் அப்போதுதான் உறைத்தது. எங்கள் ஜவ்வாது மலைக்கு அந்தச் சட்டம் இல்லை. இதைப் பற்றி ஒரு நாள் பெரிதாக எழுத வேண்டும்.

தமிழ்நாட்டில் இப்போது வருடத்துக்கு ஆறு கிராம சபை நடக்கிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தயாராகிறவர்கள் ஒன்றுக்காவது போய் உட்காருங்கள்.

சாரல்

என்னுடையது சின்னது. தென்மேற்குப் பருவமழை, மழை மறைவுப் பகுதி எல்லாம் படம் வரைந்து படித்தும் கணவாய் என்றால் என்ன செய்யும் என்று பிடிபடவில்லை. ஆனி மாதம் செங்கோட்டையிலிருந்து பஸ் ஏறினேன். தென்காசி தாண்டும்வரை சாரல், சங்கரன்கோவில் வந்தால் புழுதி. ஆனால் காற்று மட்டும் விடவில்லை. கண்டக்டர் அண்ணன் டிக்கெட் பறக்காமல் பிடித்துக்கொண்டே சொன்னார்: "மழையை மலை பிடிச்சு வச்சுக்கிடுது தம்பி. காத்தை யாரு பிடிக்க? சந்து வழியா வந்துருது." ஆரல்வாய்மொழியில் ஏன் அத்தனை காற்றாலை, பாலக்காட்டுக் கணவாய்க்கு எதிரே உடுமலைப் பக்கம் ஏன் அத்தனை காற்றாலை என்ற இரண்டுக்கும் அந்த ஒரு வரியில் பதில் இருந்தது.

மாங்காய்ப் பூட்டு

நான் திண்டுக்கல். இன்டர்வியூவுக்கு முன் ஒரு மையத்தில் மாக் இன்டர்வியூ (மாதிரி நேர்காணல்) வைத்தார்கள். விண்ணப்பத்தில் என் ஊரைப் பார்த்துவிட்டுப் பூட்டைப் பற்றிக் கேட்டார்கள். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். 2019இல் புவிசார் குறியீடு, அதற்கான சட்டம் 1999, நடைமுறை 2003, பதிவகம் சென்னை கிண்டியில், பதிவு 10 வருடம் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம் என்று அடுக்கினேன். ஒரு அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "குறியீடு கிடைத்ததால் உங்கள் தெருவில் பூட்டு செய்பவருக்கு என்ன மாறியது?" என்றார்.

வாய் திறக்க முடியவில்லை. எங்கள் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளிப் பட்டறை இருக்கிறது. 27 வருடத்தில் ஒருநாள்கூட உள்ளே போனதில்லை.

மறுவாரம் போனேன். பட்டறைத் தாத்தா முதலில் பேசவே இல்லை, அரத்தால் ராவிக்கொண்டே இருந்தார். அப்புறம் மாங்காய்ப் பூட்டு ஒன்றை என் கையில் வைத்தார். நல்ல கனம். உள்ளே லீவர் எப்படி ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொடுக்கிறது என்று பிரித்துக் காட்டினார். "இதோட சாவி இதுக்கு மட்டும்தாம்மா. கையால ராவுறதால ஒண்ணு மாதிரி இன்னொண்ணு வராது." குறியீட்டைப் பற்றிக் கேட்டதற்கு, "பேப்பர்ல போட்டிருந்தாங்க, படிச்சேன்" என்றார். மகன் கோயம்புத்தூரில் வேலைக்குப் போய்விட்டாராம். மிஷினில் செய்த பூட்டு கடையில் பாதி விலைக்குக் கிடைக்கிறது.

திரும்பி வந்து சட்டத்தைப் படித்தேன். குறியீடு ஒரு சங்கத்தின் பெயரில் பதிவாகும். ஆனால் செய்கிறவர் ஒவ்வொருவரும் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகத் தனியாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். அந்த இரண்டாவது படியை அந்தத் தாத்தா ஏறவே இல்லை. யாரும் அவருக்குச் சொல்லவும் இல்லை. நானே விண்ணப்பத்தைப் பற்றி விசாரித்து எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

டெல்லியில் உண்மையான இன்டர்வியூவில் பூட்டைப் பற்றி ஒரு கேள்வியும் வரவில்லை. அதில் எனக்கு வருத்தமே இல்லை.

கோட்டூர்புரம்

எல்லா வாய்ப்பும் முடிந்து இப்போது வேறு வேலையில் இருக்கிறேன். ஆனாலும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அண்ணா நூற்றாண்டு நூலகத்தில், சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கும் பகுதியில் எனக்குப் பக்கத்து நாற்காலிக்காரன் குரூப் 4க்குப் படித்துக்கொண்டிருந்த ஒரு தம்பி. ராத்திரி சாப்பாடு டெலிவரி, பகலில் படிப்பு. நான் எட்டு மாத நடப்பு நிகழ்வுப் பத்திரிகைகளைக் கட்டாக வைத்திருப்பேன். அவனிடம் இருந்தது தமிழ்வழிப் பள்ளிப் பொருளாதாரப் புத்தகம் ஒன்றுதான். அதை நாலாவது முறையாகப் படிப்பதாகச் சொன்னான்.

மத்திய வரியை மாநிலங்களுக்கு எப்படிப் பிரிப்பது என்று பரிந்துரைக்கும் நிதிக் குழு எனக்கு எப்போதும் குழப்பம். பிரிவு 280, மாநிலங்களுக்கு 41 சதவீதம், அதில் தமிழ்நாட்டுக்கு 4.079 என்று பதினைந்தாவது நிதிக் குழுவின் எண்கள் எல்லாம் தெரியும். செஸ் (ஒரு குறிப்பிட்ட நோக்கத்துக்காக மத்திய அரசு கூடுதலாகப் போடும் வரி) ஏன் பங்கில் சேராது என்றுதான் மண்டையில் ஏறவில்லை. டீ குடிக்கும்போது அவனிடம் புலம்பினேன். அவன் யோசிக்கவே இல்லை. "அண்ணா, எங்க வீட்ல சம்பளத்தை மொத்தமா அம்மாகிட்ட குடுத்துடணும், அம்மா பிரிச்சுத் தருவாங்க. டிப்ஸ் மட்டும் என்கிட்ட இருக்கும். செஸ்ஸு டிப்ஸ் மாதிரி. பானைல விழாது."

பெட்ரோல் மீதான மத்திய வரியில் பெரும்பகுதி ஏன் மாநிலங்களுக்குப் பங்காக வருவதில்லை என்று செய்தி வரும்போதெல்லாம் எனக்கு அந்த டிப்ஸ்தான் ஞாபகம் வரும். அந்தத் தம்பி தேர்வாகி இப்போது ஒரு தாலுகா அலுவலகத்தில் இருக்கிறான். அந்தச் செய்தியைச் சொல்ல அவன் போன் செய்தபோது என்னைவிட அவன்தான் அதிகம் அழுதான்.

சாரல்

கோட்டூர்புரம் அண்ணா, பத்திரிகைக் கட்டை என்ன செய்தீர்கள்?

கோட்டூர்புரம்

கொஞ்சத்தை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை எடைக்குப் போட்டேன் தம்பி. நீ ஒன்றை மட்டும் கவனி. பொது அறிவில் மூழ்கி சிசாட்டை (பிரிலிம்ஸின் இரண்டாம் தாளான திறனறித் தாள்) விட்டுவிடாதே. 200க்கு 66 எடுக்காவிட்டால் முதல் தாளில் எவ்வளவு எடுத்தாலும் பயனில்லை. 2023இல் கணக்குப் போடத் தெரிந்தவர்களே தடுமாறினார்கள். நானும் அங்கேதான் விழுந்தேன்.

நாங்குநேரிக்காரன்

எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். செங்கத்து அக்கா, அந்த ஜவ்வாது மலைக் கட்டுரையைக் கட்டாயம் எழுதுங்கள், காத்திருக்கிறேன். மாங்காய்ப் பூட்டு அக்கா, தாத்தாவின் பதிவு என்ன ஆனது என்று தெரிந்ததும் சொல்லுங்கள்.

கூந்தன்குளம் எப்போது வரலாம் என்று இரண்டு பேர் தனியாகக் கேட்டிருந்தீர்கள். தை, மாசியில் வாருங்கள். குளத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று முதலில் என்னிடம் கேட்டுக்கொள்ளுங்கள், மாமாவிடம் விசாரித்துச் சொல்கிறேன். விடிகாலையிலேயே வந்துவிடுங்கள். அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தாலே எதிர் மரத்துக் கூடுகள் தெரியும்.