ஏழு மகன்களுக்கு நாட்டைப் பங்கு போட்டது சரியா? துரிங்கியாவின் டியூக் குடும்பங்கள்

கணக்கர்:
"ஜெர்மனி சின்னச் சின்ன நாடுகளாகச் சிதறிக் கிடந்ததால்தான் அதற்கு இவ்வளவு இசையும் நாடகமும் கிடைத்தன" என்று இசைப்பித்தன் தம்பி போன வாரம் எழுதியிருந்தார். எனக்கு அது ஒப்பவில்லை. ஒரே குடும்பத்தை வைத்துப் பார்ப்போம்: சாக்சனியை ஆண்ட வெட்டின் வம்சம்.

1485-இல் எர்ன்ஸ்ட், ஆல்பிரெக்ட் என்ற அண்ணன் தம்பி இருவரும் நாட்டைப் பிரித்துக்கொண்டார்கள். பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் ஏழு பேரில் ஒருவராக இருக்கும் உரிமை அண்ணன் வழிக்குப் போனது. கிறிஸ்தவ மதச் சீர்திருத்தக்காரர் லூதருக்கு அடைக்கலம் கொடுத்தது இந்த வழிதான். 1547-இல் மூல்பெர்க் போரில் எர்ன்ஸ்டின் பேரன் பேரரசர் ஐந்தாம் சார்லஸிடம் பிடிபட்டார். அந்த உரிமை தம்பி வழிக்குக் கைமாறியது. அண்ணன் வழிக்கு மிஞ்சியது நடு ஜெர்மனியில் உள்ள துரிங்கியாவில் இருந்த நிலம்தான்.

மிஞ்சியதையாவது கட்டிக்காத்திருக்க வேண்டாமா? அந்த வழியில் பின்னால் வந்து, கோத்தாவில் டியூக்காக, அதாவது சிற்றரசராக, ஆண்ட 'பக்திமான்' எர்ன்ஸ்ட் சிதறிய பங்குகளில் பலவற்றை ஒன்று சேர்த்தார். 1675-இல் அவர் இறந்தபோது ஏழு மகன்கள். மூத்தவன் தலைமையில் சேர்ந்து ஆளுங்கள் என்பது அப்பாவின் உயில். கொஞ்ச காலம் ஒன்றாக இருந்தும் பார்த்தார்கள், ஒத்துவரவில்லை. 1680-இல் கோத்தா, கோபர்க், மைனிங்கன், ரோம்ஹில்ட், ஐசன்பர்க், ஹில்ட்பர்க்ஹவுசன், சால்ஃபெல்ட் என்று ஏழு பங்காகிவிட்டது. அதில் கோபர்க் 1699-இல், ஐசன்பர்க் 1707-இல், ரோம்ஹில்ட் 1710-இல் ஆண் வாரிசு இல்லாமல் அற்றுப்போயின. அந்த மூன்று பங்குக்காக மற்ற வீட்டார் போட்ட வழக்கு 1735 வரை இழுத்தது, கோபர்க் கடைசியில் சால்ஃபெல்ட் வீட்டுக்குப் போனது. பிரித்ததால் யாருக்கு என்ன லாபம்?

இசைப்பித்தன்:
லாபம் இன்றைக்கும் கோத்தாவில் நிற்கிறது, கணக்கர் சார். ஃபிரீடன்ஸ்டைன் அரண்மனையில் மூத்த மகன் ஃபிரீட்ரிக் 1680-களில் ஒரு நாடக அரங்கு கட்டினார். மேடைக்கு அடியில் மரத்தாலான பெரிய உருளை ஒன்று இருக்கிறது. கீழே ஆட்கள் அதைத் திருப்பினால் கயிறு இழுபட்டு, இரண்டு பக்கமும் வரைந்த தட்டிகள் ஒரே நேரத்தில் உள்ளே போகும், வேறு தட்டிகள் வெளியே வரும். பார்ப்பவர் கண் முன்னாலேயே காடு அரண்மனையாகிவிடும். அந்தப் பொறி இன்றும் ஓடுகிறது, கோடையில் அங்கே நாடகம் போடுகிறார்கள்.

மைனிங்கன் இன்னும் பெரிய கதை. இரண்டாம் ஜியார்க் டியூக் தன் நாடகக் குழுவுக்கு உடையும் காட்சியும் தானே வரைந்தார். 1874 முதல் 1890 வரை அந்தக் குழு ஐரோப்பாவைச் சுற்றியது. மாஸ்கோவில் அதைப் பார்த்தவர்களில் ரஷ்ய நாடக இயக்குநர் ஸ்தனிஸ்லாவ்ஸ்கி ஒருவர். இசையமைப்பாளர் பிராம்ஸின் நாலாவது சிம்பொனி 1885 அக்டோபர் 25-இல் முதன்முதலாக ஒலித்தது வியன்னாவிலா, பெர்லினிலா? இல்லை, மைனிங்கனில். ஒரே தலைநகர் இருந்திருந்தால் இந்த ஊரின் பெயரே நமக்குத் தெரிந்திருக்காது.

கணக்கர்:
இசையமைப்பாளர் பாக்கை விட்டுவிட்டீர்களே தம்பி. வைமரும் இதே அண்ணன் எர்ன்ஸ்ட் வழிதான். அங்கே பெரியப்பா டியூக் வில்ஹெல்ம் எர்ன்ஸ்டும் தம்பி மகன் எர்ன்ஸ்ட் ஆகஸ்டும் ஒரே ஊரில், வெவ்வேறு அரண்மனையில் இருந்துகொண்டு கூட்டாக ஆண்டார்கள், தீராத பகை. நடுவில் மாட்டியவர் பாக். வேலையை விட்டுப் போகிறேன் என்று பிடிவாதமாகக் கேட்டதற்கு 1717 நவம்பர் 6 முதல் டிசம்பர் 2 வரை சிறையில் வைத்தார்கள். கலையை வளர்த்த லட்சணம் இதுதானா?

பனையோலை:
அந்தக் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள் சார். பாக் சிறையிலிருந்து எங்கே போனார்? பக்கத்திலிருந்த கோத்தன் என்ற இன்னொரு சின்ன நாட்டுக்கு. அங்கே ஆண்ட லியோபோல்டின் தங்கையைத்தான் முந்தின வருஷம் எர்ன்ஸ்ட் ஆகஸ்ட் கட்டியிருந்தார். ஓர் எஜமான் அடைத்து வைத்தால் அவருடைய சம்பந்தி வீட்டில் இன்னோர் எஜமான் கிடைத்தார். ஒரே ராஜா ஆளும் நாட்டில் அந்த வழியும் அடைபட்டிருக்கும்.

அப்புறம், பக்திமான் எர்ன்ஸ்டைப் பற்றி ஒரு வார்த்தை. அவரை ஏழு பிள்ளைக்காரராக மட்டும் பார்க்காதீர்கள். முப்பதாண்டுப் போர் முடியாமல் இருக்கும்போதே, 1642-இல், பள்ளிகளுக்கு ஒழுங்குமுறை போட்டு, கிராமத்துப் பிள்ளைகளும் பெண் குழந்தைகளும் படிக்க வேண்டும் என்றார். அவரிடம் வேலை பார்த்த ஒருவரின் மகன் கோத்தாவில் வளர்ந்து, பிறகு ஹாலே என்ற ஊரில் பெரிய பள்ளிகள் கட்டினார். அவர்தான் ஆகஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கே. 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்து தமிழ்ப் புத்தகங்களை அச்சிட்ட சீகன்பால்க் அந்த ஹாலே வட்டத்து மாணவர். நம் ஊர் அச்சு வரலாற்றின் ஓர் இழை அந்தச் சின்ன டியூக் நாடு வரை போகிறது. எனக்கு இது சாதாரண விஷயமாகத் தெரியவில்லை.

கணக்கர்:
எர்ன்ஸ்ட் நல்ல ஆட்சியாளர், அதை நான் மறுக்கவில்லை அம்மா. அவர் உயில்தான் தப்பு என்கிறேன். பள்ளிக்கூடம் கட்டியவர் வாரிசுகள் என்ன செய்தார்கள்? மைனிங்கன் அரசவையில் இரண்டு சீமாட்டிகளில் யார் முன்னால் நடப்பது என்று தகராறு. வழக்கு பேரரசின் நீதிமன்றம் வரை போய், 1747-இல் கோத்தா படை வந்து வாசுங்கன் என்ற சிற்றூரில் இறங்கியது. அண்ணன் வீட்டுப் படை தம்பி வீட்டு ஊரில்! ஊர்க்காரர்கள் அந்தப் படையைச் சுமந்தார்கள்.

கடனையும் பாருங்கள். ஐசன்பர்க் டியூக் ரசவாதத்தில் காசைக் கரைத்துக் கடனோடு செத்தார். ஹில்ட்பர்க்ஹவுசனிலும் கோபர்க்கிலும் கடன் தலைக்கு மேல் போய், 1769-லும் 1773-லும் பேரரசர் கடன் ஆணையத்தை உள்ளே அனுப்ப வேண்டியிருந்தது. ஏழு அரண்மனை, ஏழு சமையற்கட்டு, ஏழு குதிரை லாயம். கட்டியது குடியானவன் வரிப்பணம். மூத்தவனுக்கே நாடு என்று ஜெர்மனியின் இன்னொரு நாடான பிராண்டன்பர்க் 1473-லேயே எழுதி வைத்தது. 1701-இல் அவர்கள் ராஜா ஆனார்கள்.

பனையோலை:
கடன் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, அங்கே எனக்குப் பதில் இல்லை. ஆனால் பிராண்டன்பர்க் மிச்சம் பிடித்த பணம் எங்கே போனது? பள்ளிக்கூடத்தைவிட படைக்குத்தானே அதிகம் போனது. பெரிய நாட்டுக் குடியானவனும் வரி கட்டினான், கூடவே மகனையும் சிப்பாயாகக் கொடுத்தான்.

இசைப்பித்தன்:
ஆமாம் அக்கா. சின்ன நாட்டுக்குப் படையெடுக்கத் தெம்பில்லை, பெண் கொடுத்துப் பெண் எடுத்துத்தான் பிழைத்தது. ஹில்ட்பர்க்ஹவுசன் இளவரசி தெரேசா 1810-இல் பவேரிய இளவரசரைக் கட்டிய கல்யாண விழாதான் மியூனிக்கின் அக்டோபர் விழாவாக நீடிக்கிறது. கோபர்க் வீட்டுப் பையன் லியோபோல்ட் 1831-இல் பெல்ஜியத்தின் முதல் ராஜா. அவர் அண்ணன் மகன் ஆல்பர்ட், அக்கா மகள் விக்டோரியாவைக் கட்டினார்.

கணக்கர்:
டியூக் வீட்டுப் பிள்ளைகள் பிழைத்தார்கள், சரி. ஊர்க்காரர்கள் என்ன நினைத்தார்கள் என்று 1919 வரை யாரும் கேட்கவே இல்லை. டியூக்குகள் போன பிறகு, அந்த வருஷம் நவம்பர் 30-இல் கோபர்க்கில் வாக்கெடுப்பு. துரிங்கியாவின் பழைய பங்காளிகளோடு சேரலாமா என்றதற்குப் பெரும்பாலோர் வேண்டாம் என்றார்கள். 1920 ஜூலையில் பவேரியாவோடு சேர்ந்தார்கள். இருநூறு வருஷத்துக்கு மேல் பிரித்து வைத்ததால் வந்த மனத்தூரம் அது.

பனையோலை:
அந்த வாக்குதான் 1945-க்குப் பிறகு கோபர்க்கை மேற்கு ஜெர்மனியில் வைத்தது. ஹில்ட்பர்க்ஹவுசன் கிழக்கு ஜெர்மனிக்குப் போனது. இரண்டு ஊருக்கும் நேர்க்கோட்டில் முப்பது கிலோமீட்டர்கூட இல்லை, நடுவில் 1989 வரை முள்வேலி. மனத்தூரம் என்கிறீர்கள். வேலிக்கு இந்தப் பக்கம் இருந்த கோபர்க்காரர்களிடம் கேட்டால், தாத்தா சரியாகத்தான் வாக்குப் போட்டார் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.