சத்தியமங்கலம் 1790: பலம் குறைந்த பக்கத்துக்கு என்ன வெற்றி வைப்பது?

கேள்வி (கோபிசெட்டிபாளையம்)

அனைவருக்கும் வணக்கம். மூன்றாம் மைசூர்ப் போரில், 1790 செப்டம்பரில், கஜலட்டிக் கணவாய் வழியாக இறங்கிய திப்பு சுல்தான், சத்தியமங்கலத்தில் இருந்த கர்னல் ஃபிளாய்டின் கும்பினிப் படையை (ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையை) தாக்கிய சண்டையை மேசைப் போர் விளையாட்டுக்கான சினாரியோவாக, அதாவது களமும் படைகளும் வெற்றி விதியும் அடங்கிய ஆட்டத் திட்டமாக, எழுதியிருக்கிறேன். நான்கு முறை ஆடினோம்; நான்கு முறையும் ஐந்தாம் சுற்றுக்குள் ஃபிளாய்டின் பக்கம் அழிந்துவிட்டது. அவருக்கு இரண்டு பட்டாளம் கூட்டிக் கொடுத்தால் ஆட்டம் சமமாகிறது. ஆனால் அன்று களத்தில் இல்லாத படையைச் சேர்க்க எனக்கு மனம் ஒப்பவில்லை. வேறு வழி உண்டா?

மறுமொழி 1 (ஈரோடு)

ஐயா, படைபலத்தைத் தொடாதீர்கள். எது வெற்றி என்பதை மாற்றுங்கள். ஃபிளாய்டு அன்று திப்புவை முறியடிக்கவில்லை. பீரங்கிகள் சிலவற்றைக் கைவிட்டு, படையைக் காப்பாற்றிக்கொண்டு தெற்கே பின்வாங்கி, கும்பினியின் தலைமைத் தளபதி ஜெனரல் மெடோஸின் படையோடு சேர்ந்துகொண்டார். ஆகவே மேசையின் தென்விளிம்பைக் கடக்கும் ஒவ்வொரு பட்டாளத்துக்கும் மூன்று புள்ளி, ஒவ்வொரு பீரங்கிக்கும் இரண்டு புள்ளி என்று வைத்து, பொழுது சாயும் பத்தாம் சுற்றோடு ஆட்டத்தை முடியுங்கள். திப்புவின் பக்கம் ஆடுபவருக்கும் அப்போதுதான் அவசரம் வரும்.

மறுமொழி 2 (பவானி)

மேலே சொன்னது சரி. ஆனால் முதல் சுற்றிலேயே ஓடத் தொடங்கினால் அது சண்டையாக இராது. திப்பு இறங்கிவரும் செய்தியை ஃபிளாய்டு முன்கூட்டியே தெரிவித்தும், இருந்த இடத்திலேயே இருக்கும்படிதான் அவருக்கு உத்தரவு வந்தது. அந்த உத்தரவு சினாரியோவில் இருந்தே ஆக வேண்டும்: நான்காம் சுற்று வரை அவர் பின்வாங்கக் கூடாது.

பீரங்கிகளை இழுத்தவை மாடுகள் என்பதையும் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். நாங்கள் ஒவ்வொரு பீரங்கிக்குப் பின்னாலும் நான்கு புளியங்கொட்டைகளை வைப்போம். குண்டு விழுந்து பகடையில் ஆறு வந்தால் ஒரு கொட்டையை எடுத்துவிடுவோம். இரண்டு போனால் வேகம் பாதியாகும், நான்கும் போனால் பீரங்கி அங்கேயே நிற்கும். அதை விட்டுப் போவதா, காத்து நிற்பதா என்று ஆடுபவர் தவிக்கும் அந்தச் சுற்றுக்காகவே இதை எத்தனை முறையும் ஆடலாம். புன்செய்க் காடுகளைச் சுற்றிக் கிளுவை முள்வேலியும் போடுங்கள். நம் பக்கத்து வேலியைக் குதிரைப்படை நினைத்தபடி தாண்ட முடியாது.

மறுமொழி 3 (தாராபுரம்)

ஒரு திருத்தம் மட்டும். திப்புவின் படை எந்தத் துறையில் பவானி ஆற்றைக் கடக்கிறது என்பதைப் பகடைக்கு விடாமல், திப்புவின் பக்கம் ஆடுபவரே சீட்டில் எழுதி நடுவரிடம் கொடுக்கட்டும். 1824இல் பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் என்ற படை அதிகாரி வகுத்த போர் ஆட்டத்திலேயே உத்தரவுகள் எழுத்தில் நடுவரிடம்தான் போயின. எதிரி முழுதும் கண்ணுக்குத் தெரிந்தால் நான்கு சுற்று காத்திருப்பது வெறும் தண்டனையாகிவிடும்.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. நடுவராக என் மாமா மகன் இருக்கச் சம்மதித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பக்கம் மாற்றி இரண்டு முறை ஆடி, எத்தனை பீரங்கிகள் தென்விளிம்பைச் சேர்ந்தன என்று இங்கே எழுதுகிறேன்.