மரம் பச்சையாக நிற்க, வீடு மட்டும் சாம்பலானது எப்படி?

கேள்வி:
வணக்கம். 2016 மே மாதத்தில் கனடாவின் அல்பெர்ட்டா மாகாணத்து ஃபோர்ட் மக்மரி நகரை எரித்த காட்டுத்தீயின் படங்களைப் பார்த்தேன். சுமார் 2,400 கட்டடங்கள் அழிந்திருக்கின்றன. ஆனால் அடித்தளம் மட்டும் எஞ்சிய சில வீடுகளின் அருகில் மரங்கள் கருகாமல் நிற்கின்றன. காட்டிலிருந்து வந்த தீ என்றால் மரம் அல்லவா முதலில் எரிந்திருக்க வேண்டும்? மேலும், பனி உருகி நிலம் ஈரமாக இருக்கும் மே மாதத்தில் இது எப்படி நேர்ந்தது? 2011இல் அதே மாகாணத்தின் சிலேவ் லேக் ஊரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எரிந்ததும் மே மாதத்தில்தான். அறிந்தவர்கள் விளக்குங்கள்.

பதில் 1:
முதலில் மே மாதத்தைப் பற்றி. பனி போனதும் வெளிப்படுவது சென்ற ஆண்டின் காய்ந்த புல்லும் சருகும். இலையுதிர் மரங்கள் இன்னும் துளிர்த்திருக்காததால் வெயிலும் காற்றும் தரையை நேராகத் தாக்குகின்றன. ஊசியிலை மரங்களின் ஊசிகளிலும் ஈரம் மிகக் குறைவாக இருக்கும் பருவம் அதுவே. அவற்றுள் ஒன்றான கருப்பு ஸ்புரூஸ் மரத்தின் கிளைகள் தரைவரை தாழ்ந்திருப்பதால், புல்லில் பிடித்த நெருப்பு அவற்றையே ஏணியாகக் கொண்டு உச்சிக்கு ஏறிவிடுகிறது.

வீடுகள் எரிவதற்குக் காரணம் பெரும்பாலும் தீச்சுவர் அன்று, காற்றில் பறந்து வரும் தீப்பொறிகள். அவை கூரை இடுக்கிலும், மழைநீர்க் குழாயில் தேங்கிய சருகிலும், சுவரோரம் அடுக்கிய விறகிலும் விழுந்து நெடுநேரம் கனல்கின்றன. ஒரு வீடு பற்றியபின் அதன் வெப்பமே நெருங்கி நிற்கும் அடுத்த வீட்டைப் பற்றவைக்கிறது. அப்போது எரிபொருள் காடு அன்று, தெருவேதான். வீட்டின் காய்ந்த மரப்பலகையைவிட ஈரம் மிகுந்த பச்சை மரம் அந்த இடைவெளியில் பிழைத்துக்கொள்கிறது.

பதில் 2:
மேலே உள்ளவர் சொன்னது சரியே. அதனால்தான் வீட்டைச் சுற்றி முதல் ஒன்றரை மீட்டருக்குள் எரியக்கூடியது எதுவும் இருக்கக்கூடாது என்று காட்டுத்தீயிலிருந்து வீடுகளைக் காப்பதற்கான கனடாவின் ஃபயர்ஸ்மார்ட் திட்டம் வற்புறுத்துகிறது. மரப்பட்டைத் தூளைப் பரப்பிய பூம்பாத்திகூட ஆபத்துதான்.

உயிர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1916 ஜூலையில் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்து மாதிசன் பகுதித் தீயில் அதிகாரப்பூர்வக் கணக்கின்படியே 223 பேர் மாண்டனர். குடியேறியவர்கள் நிலம் திருத்த வைத்த சிறு தீக்கள் பலத்த காற்றில் ஒன்று சேர்ந்ததன் விளைவு அது. ஃபோர்ட் மக்மரியிலோ, தெற்கே செல்லும் 63ஆம் நெடுஞ்சாலை ஒன்றையே பெரிதும் நம்பியிருந்த நிலையிலும் 80,000க்கும் மேற்பட்டோர் வெளியேறினர். தீயில் நேரடியாக எவரும் இறக்கவில்லை, வெளியேறும் வழியில் நேர்ந்த சாலை விபத்தில் இருவர் இறந்தனர்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. அப்படியானால் சருகை அகற்றி, முற்றத்தைச் சுத்தமாக வைத்திருந்தால் ஊர் தப்பிவிடும் என்று கொள்ளலாமா?

பதில் 3:
அவ்வளவு எளிதாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் லிட்டன் கிராமத்தில் 2021 ஜூன் 29 அன்று வெப்பம் 49.6 பாகை செல்சியஸைத் தொட்டது. இது கனடாவின் உச்சப் பதிவு. மறுநாள் மாலை மூண்ட தீயில் கிராமத்தின் பெரும்பகுதி சில மணி நேரத்தில் அழிந்தது, இருவர் உயிரிழந்தனர். அங்கு மக்களுக்குக் கிடைத்தவை நிமிடங்கள் மட்டுமே. அல்பெர்ட்டாவின் ஜாஸ்பரில் ஊரைச் சுற்றிய காட்டைப் பல ஆண்டுகளாகக் கத்தரித்து வந்தார்கள், 2024 ஜூலையில் தீ நுழைவதற்கு முன்பே மக்களையும் வெளியேற்றினார்கள். இருந்தும் 1,113 கட்டடங்களில் 358 போயின. முற்றத்தைச் சுத்தம் செய்யத்தான் வேண்டும், ஆனால் வீடிழந்தவரிடம் போய் ‘நீங்கள் சருகை அகற்றவில்லையே’ என்று எவரும் கேட்டுவிடக்கூடாது.